சிவப்பு சிக்னல் விழணும்னு வேண்டிக்கிற பையன்: எந்த வகுப்பை நிறுத்தறது?

குட்டிக்கரணம் | திங்கள், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு. நீளமா போனா பொறுத்துக்கோங்க.

மகனுக்கு 9 வயசு. ஸ்கூல்ல "என் ஓய்வு நேரம்"னு ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. இவன் எழுதினது அப்படியே: "எனக்கு ஓய்வு நேரம் காரில் கிடைக்கும். சிவப்பு சிக்னல் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்." டீச்சர் அடியில ஒரு ஸ்டார் போட்டு "நல்ல கற்பனை"ன்னு எழுதியிருந்தாங்க. அது கற்பனை இல்லைன்னு வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கள், புதன் நீச்சல். செவ்வாய், வியாழன் கீபோர்டு. வெள்ளி செஸ். சனிக்கிழமை காலைல அபாகஸ், சாயங்காலம் ஓவியம். ஞாயிறு வீட்டுப்பாட பாக்கி. எதையும் அடிச்சுச் சேர்க்கலை. ஒவ்வொண்ணையும் கேட்டப்ப "சரிம்மா"ன்னான். தனித்தனியா எடுத்துப் பார்த்தா ஒண்ணுலயும் குறை சொல்ல முடியாது. மொத்தமா பார்த்தாதான் மூச்சு முட்டுது.

எதை நிறுத்தறது, எப்படி முடிவு பண்றது? பாதியில விட்டா எல்லாத்தையும் பாதியில விடற பழக்கம் வந்துடுமா? வீட்டுக்காரர் சொல்றது வேற: "வகுப்பை நிறுத்தினா அந்த நேரம் மொபைலுக்குத்தான் போகும்." அதுவும் பொய்யில்லையே.

---

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 11:20

முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல கணக்குப் போட்டுப் பாருங்க மேடம். என் பொண்ணுக்கு நான் போட்டது இது.

வாரத்துக்கு 168 மணி நேரம். 6 முதல் 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9-லிருந்து 12 மணி நேரத் தூக்கம் வேணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல சொன்னது. நடுவுல 10-ன்னு வெச்சா 70 போச்சு, மீதி 98. பள்ளிக்கூடம், போக வர எல்லாம் சேர்த்து 45. மீதி 53. குளிக்க, சாப்பிட, உடுத்த, பை அடுக்க நாளுக்கு 2 மணின்னா 14. மீதி 39. வீட்டுப்பாடம் 10. மீதி 29. வகுப்புகள் 12 மணி நேரம்னு நாமே சொல்லிக்குவோம். ஆனா கிளம்பறது, போறது, காத்திருக்கிறது, திரும்பறதுன்னு பார்த்தா அது 18. மீதி 11.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அதுலயும் பாதி ஞாயித்துக்கிழமைல கிடக்கும். உங்க பையன் சிக்னல்ல தேடறது இந்த 11-ல ஒரு துண்டைத்தான்.

பெரும்பாலான வீட்டுல இந்தக் கணக்கு இடிக்கிறப்ப எல்லாரும் கைவைக்கிறது தூக்கத்துல. 70-ஐ 60 ஆக்கிட்டு கணக்கு சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்கறோம். நானும் ஒரு வருஷம் அதைத்தான் செஞ்சேன்.

---

ஓடும்மேகம் | செவ்வாய், காலை 6:15

கொஞ்சம் எதிர்க்கட்சியா பேசறேன், கோச்சுக்காதீங்க.

இந்த மாதிரி இழை எல்லாமே கடைசியில "பிள்ளையைச் சும்மா விடுங்க"ன்னு முடியும். என் மகளுக்கு 12. வாரத்துக்கு 5 நாள் நீச்சல். விடியக்காலைல என்னை எழுப்பறது அவதான், நான் அவளை இல்லை. தண்ணியில இறங்கினா வேற ஆளு. அவளுக்கு ஓய்வே அதுதான். இவளைப் போய் "பல துறையிலும் சமநிலை வேணும்"னு ஓவியத்துக்கு இழுத்துட்டுப் போனா அதுவும் ஒரு திணிப்புதானே?

வகுப்பு நிறைய இருக்கறது நோய் மாதிரி பேச வேண்டாம். எனக்குச் சின்ன வயசுல ஒரு வகுப்பும் கிடையாது. என்ன வரும் என்ன வராதுன்னு தெரியாமலே 30 வயசு ஆயிடுச்சு. வாய்ப்பே கொடுக்காம "அவனே கண்டுபிடிப்பான்"னு சொல்றது சோம்பேறித்தனத்துக்கு நல்ல பேரு.

---

முட்டிவைத்தியர் | செவ்வாய், மதியம் 1:05

ஓடும்மேகம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையே எழுப்புகிறாள் என்பது பெரிய விஷயம். ஆனாலும் நான் இயன்முறை மருத்துவர். மறுபக்கம் என் மேசைக்குத்தான் வருகிறது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

வளரும் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மென்மையான பகுதி உண்டு. வளர்ச்சி முடியும்வரை அது இறுகாது. ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்தால் முதலில் முனகுவது அந்த இடம்தான். ஓட்டமும் தாவலும் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு, திடீரென்று உயரம் போடும் பருவத்தில், முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். ஆபத்தில்லை, பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் "வலியைத் தாங்கு, அப்பதான் சாம்பியன்" என்று ஓட வைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். நீச்சலில் தோள், பந்துவீச்சில் முழங்கை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2016-ல் வெளியிட்ட அறிக்கை சொல்வது: பெரும்பாலான விளையாட்டுகளில் 15 அல்லது 16 வயதுவரை ஒரே விளையாட்டில் முடங்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் அந்த விளையாட்டே கூடாது. வருடத்தில் மொத்தம் 3 மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அதிலிருந்து விலகி இருக்க வேண்டும். இதற்கு எங்கள் துறையில் ஒரு எளிய அளவுகோலும் உண்டு: வாரப் பயிற்சி மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 12 வயது என்றால் 12 மணி.

மகளை நிறுத்தச் சொல்லவில்லை அம்மா. வருடத்தில் ஒரு மாதம் அவள் வேறு ஏதாவது குதித்து ஆடட்டும். தண்ணீர் எங்கும் போய்விடாது.

---

ஓடும்மேகம் | செவ்வாய், மதியம் 1:31

5 நாள், தலா 2 மணி நேரம், 10. வயசுக்குள்ளதான் இருக்கேன் டாக்டர், தப்பிச்சேன். 😀 அந்த ஒரு மாச லீவு யோசிக்க வேண்டியதுதான். தோள் வலின்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கா. கோச்கிட்ட கேட்காம நானே முடிவு பண்ணப் போறேன்.

---

பழையசைக்கிள் | செவ்வாய், மாலை 5:48

வயது 71. பேரன் பேத்திகள் நால்வர். நாங்கள் வளர்ந்தபோது பள்ளி விட்டதும் பையை எறிந்துவிட்டுத் தெருவுக்குப் போவோம். விளக்கு ஏற்றும்போது யாராவது கூப்பிடுவார்கள், வீட்டுக்குள் வருவோம். யாரும் எங்களுக்குச் சமநிலை கற்றுத்தரவில்லை. இன்று மரம் ஏறவும் வகுப்பு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைத் திறந்து விடுங்கள், தானாக வளர்வார்கள்.

---

தாழ்வாரம் | செவ்வாய், இரவு 9:10

» "பள்ளி விட்டதும் பையை எறிந்துவிட்டுத் தெருவுக்குப் போவோம்"

ஐயா, மரியாதையோடதான் கேக்கறேன். அந்தத் தெருவுல உங்க அக்கா தங்கச்சி எத்தனை பேர் விளையாடினாங்க? விளக்கு ஏத்தற நேரம் வரைக்கும் வெளிய இருந்தது எல்லாப் பிள்ளைகளுமா, இல்லை பையன்கள் மட்டுமா? எங்க அம்மா உங்க வயசுதான். பத்து வயசுக்கு மேல வாசப்படியில நின்னு வேடிக்கை பார்த்ததுதான் அவங்க விளையாட்டு.

இன்னைக்குத் தெருவுல திறந்து விட்டா வண்டி அடிச்சுடும். நல்ல பழைய காலம் திரும்ப வராது. நம்மகிட்ட இருக்கற காலத்துல என்ன பண்ணலாம்னு பேசலாமே.

---

பழையசைக்கிள் | புதன், காலை 5:30

அம்மா, இரவெல்லாம் யோசித்தேன். எனக்கு இரண்டு தங்கைகள். அவர்கள் தெருவில் விளையாடி நான் பார்த்த நினைவில்லை. பெரியவளிடம் தொலைபேசியில் கேட்டேன். "உன் பையை எடுத்து உள்ளே வைத்தது யார் என்று நினைத்தாய்?" என்றாள்.

---

தாழ்வாரம் | புதன், காலை 8:02

ஐயா. ❤️

---

இரவுப்பணி | புதன், காலை 9:40

நான் தனியா ஒரு பையனை வளர்க்கற அப்பா. பையனுக்கு 11. ஒரு வகுப்புக்கும் போறதில்லை. வசதி இல்லைங்கறது ஒரு காரணம், கூட்டிட்டுப் போக ஆள் இல்லைங்கறது இன்னொண்ணு. இந்த மாதிரி இழைகளைப் படிச்சா "எதை நிறுத்தறது"ங்கற கவலையே ஒரு சொகுசாத் தெரியும். குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை, இப்படியும் வீடு இருக்குன்னு பதிவு பண்றேன்.

எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னா, அவனுக்குன்னு வேலைகள் இருக்கு. பொய்யான வேலை இல்லை, அவன் செய்யலேன்னா வீடு நின்னுபோற வேலை. தண்ணி மோட்டாரைப் போட்டு டேங்க் நிறைஞ்சதும் அணைக்கறது, துணி மடிக்கறது, நான் தூங்கறப்ப கதவைத் தட்டறவங்களுக்குப் பதில் சொல்றது. ஒரு நாள் மோட்டாரை மறந்துட்டான், தண்ணி வழிஞ்சு மாடிப்படி எல்லாம் ஈரம். நான் எழுந்து வர்றதுக்குள்ள அவனே துடைச்சு முடிச்சிருந்தான். திட்டறதுக்கு எதுவும் மிச்சம் வைக்கலை.

அப்புறம் நூலகம். நடந்து போற தூரம். அங்க இருக்கற அம்மா அவனுக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சு எடுத்து வைப்பாங்க. என்னைத் தவிர அவனை நல்லாத் தெரிஞ்ச ஒரு பெரிய மனுஷி அவனுக்கு உலகத்துல இருக்காங்க. அது எனக்குப் பெரிய நிம்மதி.

---

குட்டிக்கரணம் | புதன், காலை 11:15

இரவுப்பணி அண்ணா, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். என் பையன்கிட்ட அப்படி ஒரு வேலை எதுவும் இல்லை. ஷூ லேஸ்கூட நேரமாச்சுன்னு நான்தான் கட்டி விடறேன்.

---

பச்சைப்பென்சில் | புதன், மாலை 4:22

நான் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கறவ, அதாவது நீங்க நிறுத்தலாமான்னு யோசிக்கற பட்டியல்ல இருக்கற ஆள். 😀 என் பிழைப்புக்கு எதிராவே பேசறேன்.

நாலு வயசுப் பிள்ளைகிட்ட தாளைக் கொடுத்தா உடனே கிறுக்கும். ஒன்பது வயசுப் பிள்ளை தாளை வாங்கிட்டு என்னைப் பார்த்துக் கேக்கும்: "மிஸ், இது போட்டிக்கா?" இந்த நடுவுல என்னமோ நடந்திருக்கு.

1973-ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் ஒரு ஆய்வு பண்ணாங்க, உளவியல் படிக்கறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சது. ஏற்கெனவே ஆசையா வரையற மழலையர் பள்ளிப் பிள்ளைகள். ஒரு குழுகிட்ட "வரைஞ்சா தங்க முத்திரையும் ரிப்பனும் வெச்ச சான்றிதழ் தர்றோம்"னு முன்கூட்டியே சொன்னாங்க. இன்னொரு குழுவுக்குச் சொல்லாம வரைஞ்ச பிறகு கொடுத்தாங்க. மூணாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழிச்சு, பரிசுப் பேச்சே இல்லாம பேனாவை மேசையில வெச்சுட்டு வேடிக்கை பார்த்தாங்க. பரிசுக்காக வரைஞ்ச பிள்ளைங்க மத்தவங்களோட ஒப்பிட்டா ஏறக்குறைய பாதி நேரம்தான் அதைத் தொட்டாங்க. சொல்லாம கொடுத்த பரிசு ஒண்ணும் கெடுக்கலை. பேரம் பேசினதுதான் கெடுத்தது.

அதனால எதை நிறுத்தறதுன்னு யோசிக்கறப்ப இன்னொண்ணையும் பாருங்க: எதையெல்லாம் வகுப்பா இல்லாம வெச்சுக்கலாம்? உங்க பையன் வீட்டுல, யாரும் கேக்காதப்ப வரையறானா? வரைஞ்சா என் மாதிரி ஆள் அவனுக்குத் தேவையில்லை, நிறைய தாள் போதும். வரையலேன்னா, சனிக்கிழமை அவன் செய்யறது ஓவியம் இல்லை, கீழ்ப்படிதல்.

---

சுரம்தாளம் | புதன், மாலை 6:00

கீபோர்டை மட்டும் நிறுத்தாதீங்க. இசை படிச்சா மூளை வளரும், கணக்கு நல்லா வரும்னு நிரூபிச்சிருக்காங்க. மோஸார்ட் கேட்டாலே போதும்னு ஆராய்ச்சி இருக்கு.

---

கணக்குப்பிள்ளை | புதன், மாலை 6:25

அந்த மோஸார்ட் கதை 1993-ல வந்த ஒரு பக்கக் கட்டுரை சார். சோதிச்சது 36 கல்லூரி மாணவர்களை, குழந்தைகளை இல்லை. ஒரு வகை இடம் சார்ந்த புதிர்ல கொஞ்சம் முன்னேற்றம், அதுவும் 10, 15 நிமிஷத்துல கரைஞ்சுபோச்சு. அதை வெச்சு ஒரு தலைமுறைக்கே குறுந்தட்டு வித்துட்டாங்க.

பிள்ளைக்குப் பாட்டு பிடிச்சா பாடட்டும். அதுக்குக் கணக்கு எதுக்கு ஜாமீன் போடணும்?

---

இரட்டைவால் | புதன், இரவு 10:50

எல்லாரும் "வெறும் நேரம் கொடுங்க"ன்னு சொல்றீங்க. என் அனுபவத்தையும் வெச்சுக்கோங்க. மூத்தவனுக்கு ஆட்டிசம். வெறும் நேரம்னா அவனுக்குச் சுதந்திரம் இல்லை, பதற்றம். அடுத்து என்ன வரும்னு தெரியலேன்னா சுவத்துல மோதிக்குவான். அவனுக்கு நாள் முழுசும் படம் போட்ட அட்டை வரிசை. "ஓய்வு"ன்னும் ஒரு அட்டை, அதுல ஊஞ்சல் படம். 20 நிமிஷம், மணல் கடிகாரம் கவுத்து வெப்பேன். அந்த 20 நிமிஷத்துல என்ன பண்றான்னு நான் கேக்க மாட்டேன். அதுதான் அவனுக்கான வெறும் நேரம்.

சின்னவ நேர் எதிர். அட்டையைப் பார்த்தாலே ஓடுவா. ஒரே வீடு, ரெண்டு பிள்ளை, ரெண்டு சமநிலை. பொதுவா ஒரு அளவு சொன்னா எங்க வீட்டுல ஒருத்தருக்குக்கூடப் பொருந்தாது.

---

நெறியாளர் | வியாழன், காலை 7:00

எந்தப் பயிற்சி மையம் நல்லது, எது மோசம் என்று பெயர் சொல்லி எழுதிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழையின் தலைப்புக்குள் பேசுங்கள். ஆட்டிசம் பற்றித் தனி இழை கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறீர்கள், இரட்டைவால் சம்மதித்தால் திறக்கிறேன்.

---

அவர்வீட்டுக்காரர் | வியாழன், இரவு 9:30

நான்தான் குட்டிக்கரணத்தோட "மொபைலுக்குத்தான் போகும்"னு சொன்ன வீட்டுக்காரர். புதுசா கணக்கு ஆரம்பிச்சு வந்திருக்கேன். 😀

எல்லாம் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா சாயங்காலம் 6 மணிக்கு ரெண்டு பேரும் களைச்சு வீட்டுக்கு வர்றோம். பையன் "போரடிக்குது"ங்கறான். அந்த நிமிஷத்துக்கு யாராவது பதில் சொல்லுங்க. வகுப்புல இருந்தா குறைஞ்சது ஒரு மனுஷர் முகத்தைப் பார்க்கறான்.

---

தாழ்வாரம் | வியாழன், இரவு 10:12

வாங்க சார். நேர்மையான கேள்வி.

5 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைகளுக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் மணிக்கணக்கு சொல்லியிருக்கு (2019): 2 முதல் 4 வயசு வரை திரை முன்னாடி உக்கார்ற நேரம் ஒரு மணிக்கு மேல வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லது. உங்க பையன் வயசுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2016 அறிக்கையில எல்லாருக்கும் பொதுவா இத்தனை மணின்னு ஒரு எண் வைக்கலை. அவங்க கேக்கறது வேற: திரை எதைத் தள்ளிவிட்டுட்டு உள்ள வருது? தூக்கத்தையா, ஓட்டத்தையா, வீட்டுல பேச்சையா?

எங்க வீட்டுல வேலை செஞ்சது ரெண்டே விஷயம். படுக்கற அறையில எந்த ஃபோனும் கிடையாது, எங்களோடதும் சேர்த்து. சார்ஜர் எல்லாம் வாசல் பக்கத்துல. அடுத்தது, "போரடிக்குது"ன்னா நான் பதில் சொல்றதில்லை. "ம்"னு மட்டும் சொல்வேன். முதல் வாரம் நரகம். 40 நிமிஷம் சிணுங்குவா. அந்த 40 நிமிஷத்தைத் தாங்க முடியாமத்தான் நாம ஃபோனை நீட்டறோம், அவங்களுக்காக இல்லை.

---

கண்ணாடிக்காரி | வியாழன், இரவு 10:40

பார்வை அளக்கற வேலை பார்க்கறேன், ஒரே ஒரு தகவல். வெளிய விடறதுக்குக் கண்ணும் ஒரு காரணம். சீனாவுல குவாங்சோவுல 12 பள்ளிக்கூடங்கள்ல முதல் வகுப்புப் பிள்ளைகளை 3 வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. பாதிப் பள்ளிகள்ல பள்ளி நாள்தோறும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டாங்க. கிட்டப்பார்வை வந்தது அங்க 30.4 சதவீதம், மத்த பள்ளிகள்ல 39.5. முடிவு வெளியானது 2015. வேற மருந்து இல்லை, பகல் வெளிச்சம். அங்க விளையாடணும்னுகூட இல்லை, உக்காந்து பேசினாலும் வெளிச்சம் வெளிச்சம்தான்.

வகுப்பெல்லாம் நாலு சுவத்துக்குள்ள, டியூப்லைட்டுல நடந்தா அதையும் கணக்குல எடுங்க.

---

ஏழாம்படி | வெள்ளி, அதிகாலை 1:55

எனக்கு 19. இந்த மன்றத்துல அம்மா அப்பாக்கள்தான் இருப்பீங்க, பிள்ளைங்க பக்கத்துல இருந்து ஒண்ணு.

எங்க வீட்டு பீரோ மேல ஒரு ஃபைல் இருக்கு. 43 சர்டிபிகேட். விருந்தாளி வந்தா இறங்கும். அதுல பாதி எதுக்குக் கிடைச்சதுன்னு எனக்கே ஞாபகம் இல்லை. இப்ப ஹாஸ்டல்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை யாரும் எதுவும் சொல்லாதப்ப என்ன பண்றதுன்னு தெரியாது. என் ரூம்மேட் ஒருத்தன் எங்கயோ கிடந்த ரேடியோவைப் பிரிச்சு வெச்சுட்டு மூணு மணி நேரம் உக்காந்திருப்பான். அவனைப் பார்த்தா பொறாமையா இருக்கும். எனக்கு எது பிடிக்கும்னு யாராவது கேட்டா நான் எதுல நல்லா பண்ணுவேன்னு பதில் சொல்றேன். ரெண்டும் வேறன்னு இப்பதான் தெரியுது.

அம்மா அப்பா மேல கோவம் இல்லை. நீச்சல் கத்துக் கொடுத்ததுக்கு உண்மையாவே நன்றி. ஆனா எல்லாத்துக்கும் நான் "சரிம்மா"ன்னுதான் சொன்னேன். குட்டிக்கரணம் ஆன்ட்டி, அந்த வார்த்தையை உங்க பதிவுல பார்த்ததுனாலதான் எழுதறேன். எனக்கு அதுக்கு "ஆசையா இருக்கு"ன்னு அர்த்தம் இல்லை. "நீங்க சந்தோஷமா இருக்கீங்க, அதைக் கெடுக்க வேண்டாம்"னு அர்த்தம்.

---

குட்டிக்கரணம் | வெள்ளி, காலை 6:20

தம்பி, காலைல இதைப் படிச்சுட்டுப் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். நல்லா இரு. அந்த ரேடியோ பையன் பக்கத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போய் உக்காந்து பாரேன்.

---

இரவுப்பணி | வெள்ளி, காலை 9:15

தம்பி சொன்னதுல இருந்து ஒண்ணு. "எது பிடிக்கும்"னு நேரா கேட்டா பிள்ளைங்க நம்ம முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். வேற மாதிரி கேளுங்க: "எந்த வகுப்பு ஒரு நாள் ரத்தானா உனக்குச் சந்தோஷம்?" முகம் மலர்ற வேகத்துலயே பதில் கிடைச்சுடும்.

---

முட்டிவைத்தியர் | வெள்ளி, மதியம் 2:00

பாதியில் விடும் பழக்கம் வருமா என்று கேட்டிருந்தீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை போல. எங்கள் வீட்டு வழக்கம் இது: தோற்ற அன்றோ, ஆசிரியர் திட்டிய அன்றோ எதையும் விட முடியாது. கோபத்தில் எடுக்கும் முடிவு அது. நன்றாகப் போன ஒரு வாரத்தின் முடிவில் கேட்பேன். அப்போதும் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். ஆசிரியரிடம் நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும், அது மட்டும் கட்டாயம். என் மகன் இரண்டை இப்படி விட்டிருக்கிறான். மூன்றாவதை விடப் போய், வாசலிலேயே மனம் மாறித் திரும்பி வந்தான்.

நீச்சல் பிடித்திருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது வகுப்பாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. துரத்திப் பிடித்தாலும் கணக்கில் சேரும்.

---

பழையசைக்கிள் | வெள்ளி, மாலை 6:10

1989-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவை எடுத்துப் படித்தேன். ஓய்வு, ஓய்வு நேரம், பிறகு விளையாட்டு, பிறகு கலை என்று வரிசை போகிறது. ஓய்வை முதலில் வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் யாரோ பிள்ளை பெற்றவர்கள்தான்.

---

குட்டிக்கரணம் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:05

பழைய இழையை மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கணும். பாதி பேர் தனிச்செய்தில "என்ன ஆச்சு"ன்னு கேட்டுட்டீங்க.

இரவுப்பணி அண்ணா சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன். நான் அபாகஸ்னு சொல்வான்னு நினைச்சேன். செஸ்னான்! அதுலதான் கோப்பை வாங்கினவன். "ஜெயிச்சா எல்லாரும் சந்தோஷப்படறீங்க, தோத்தா யாரும் கார்ல பேச மாட்டீங்க"ன்னான். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கணுமே. அந்த வாரம் ஒரு ஆட்டம் ஜெயிச்சான், டாக்டர் சொன்ன மாதிரி அப்புறமும் கேட்டேன். வேண்டாம்னான். போய் நன்றி சொல்லிட்டு வந்தோம். அபாகஸும் போச்சு. ஓவியத்துக்கு பச்சைப்பென்சில் அக்கா சொன்ன சோதனையை வெச்சேன்: ஒரு கட்டு தாள், மேசை மேல, ஒண்ணும் சொல்லாம. மூணு வாரம் தொடலை. அதையும் நிறுத்திட்டோம். நாலாவது வாரம் அதுல ராக்கெட் மடிச்சான், சரி அதுவும் தாள்தானே.

கீபோர்டு விஷயம் இன்னும் முடியலை. "கீபோர்டு வேணும், கிரேடு பரீட்சை வேணாம்"ங்கறான். அங்க பரீட்சை இல்லாம சொல்லித் தர மாட்டாங்களாம். வேற ஆள் தேடிட்டு இருக்கோம்.

முதல் வாரம் தாழ்வாரம் சொன்ன நரகம்தான். "போரடிக்குது" எண்ணினேன், ஒரே சாயங்காலம் 17 தடவை. வீட்டுக்காரர் 14-வதுல ஃபோனை எடுத்தார், நான் முறைச்சதுல திரும்ப வெச்சுட்டார். ரெண்டாவது வாரம் பழைய டார்ச்சைப் பிரிச்சான், திரும்பச் சேர்க்க முடியலை. இப்ப பக்கத்து வீட்டுப் பொண்ணோட சேர்ந்து மாடிப்படி கைப்பிடியில அட்டைப்பெட்டி லிஃப்ட் கட்டியிருக்கான். நடுவுல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை, மூணு நாள் பேசலை. நாங்க யாரும் தலையிடலை (நான் கிட்டத்தட்ட தலையிட்டேன்). எப்படிச் சேர்ந்தாங்கன்னு தெரியாது.

ராத்திரி பத்தேகாலுக்குத் தூங்கினவன் இப்ப ஒன்பதுக்குள்ள தூங்கறான். ஷூ லேஸ் அவனே கட்டறான், பஸ் ரெண்டு தடவை போயிடுச்சு.

சிவப்பு சிக்னல் பத்தி நேத்து கேட்டேன். "இன்னும் பிடிக்கும்"னான்.

---

பழையசைக்கிள் | ஞாயிறு, மாலை 6:20

லிஃப்ட்டுக்குக் கப்பி எதில் செய்திருக்கிறான்?

---

குட்டிக்கரணம் | ஞாயிறு, மாலை 6:24

காலி நூல்கண்டு ஐயா. கயிறு வழுக்குதுன்னு ரெண்டு நாளா புலம்பறாங்க.

---

பழையசைக்கிள் | ஞாயிறு, மாலை 6:31

கண்டின் மேல் ஒரு ரப்பர் வளையத்தை இறுக்கிப் போட்டால் கயிறு பிடித்துக்கொள்ளும். இல்லை, வேண்டாம் அம்மா, அவனிடம் சொல்லாதீர்கள். அவனே கண்டுபிடிக்கட்டும்.

---

குட்டிக்கரணம் | ஞாயிறு, மாலை 6:33

ஐயா, அவன் என் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சுட்டான். ரப்பர் பேண்டு தேடி ஓடிட்டான்.